முதல் லோடு

வாங்க தம்பி, உள்ள வாங்க. கதவு கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். தேக்கு, புதுசு, இன்னும் யாரும் தொறந்து மூடிப் பழகல. நடுவுல நடக்காதீங்க, இப்படி செவுத்தோரமா வாங்க. அந்த இரும்புக் குழாயா? அது தளத்துக்குக் குடுத்த முட்டுங்க. மூணு இருக்குது. பார்த்து பயந்துக்காதீங்க, வீட்டுக்கு ஒண்ணுமில்ல. என்ற மாப்பிள்ளையோட திருப்திக்காக நிக்குது. வேணும்னா கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கலாம். போன வாரம் வாடகைக்குக் கேட்டு ஒரு டீச்சரம்மா வந்துச்சு. முட்டப் பார்த்ததும், தண்ணி வருமான்னுகூடக் கேக்காம போயிருச்சு. வாத்தியார் வேலை பார்க்கறவங்க இப்படி அவசரப்படக் கூடாதுங்க.

உங்களப் பார்த்தா நிதானமான ஆளாத் தெரியுது. மில்லுல சூப்பர்வைசரா? நல்லதுங்க. நானும் மெஷினோட இருந்தவன்தான். பல்லடம் ரோட்டுல எடைமேடை இருக்குதுல்ல, அதுல முப்பது வருசம் உக்காந்திருந்தேன். லாரி வரும், ஏறி நிக்கும், எடை காட்டும், சீட்டக் கிழிச்சுக் குடுப்பேன். எடை கூட இருக்குதுன்னு டிரைவருங்க சண்டைக்கு வருவாங்க. நான் குரலே உசத்த மாட்டேன். "மெஷினுக்கு நீயும் மாமன் இல்ல, நானும் மச்சான் இல்ல. அது காட்டறதுதான் எடை"ன்னு சொல்லிப்போடுவேன். சீட்ட வாங்கிக்கிட்டுப் போயிருவாங்க. சென்னியப்பன்னு சொன்னா அந்த ரோட்டுல இன்னிக்கும் ஒரு மரியாதை இருக்குதுங்க.

அப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்ச்ச மாப்பிள்ளையப் பாருங்க.

எனக்கு ஒரே பொண்ணு. மோகனப்பிரியா. அதுக்காகக் கட்டுன வீடு இது. பின்னால தெரியுதே ஓட்டு வீடு, அதுல நானும் ஊட்டுக்காரியும் இருந்தோம். பொண்ணு முதல் பிரசவத்துக்கு வந்தா ஓட்டு வீட்டுலயா படுக்க வெக்கறது? ஊரு என்ன சொல்லும்? அதுக்குத்தான் அவசரமாக் கட்டுனது. மாப்பிள்ளை நவநீதன். பையன் நல்ல பையன்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். ரெடிமிக்ஸ் பிளான்ட்டுல இன்ஜினியர். முதுகுல பெரிய உருளைய வெச்சு சுத்திக்கிட்டே ஒரு லாரி போகும் பாருங்க, அதுல காங்கிரீட்டக் கலந்து அனுப்பற இடம். கலவை சரியா இருக்குதான்னு பார்க்கறதுதான் இவன் வேலை.

முன்னயெல்லாம் கலவைய எப்படிப் பார்ப்பாங்க? கரண்டியில எடுத்துப் பார்ப்பாங்க, கையில தேச்சுப் பார்ப்பாங்க. இவங்க பிளான்ட்டுல ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பெட்டி மாட்டி வெச்சிருக்காங்க. உருளையச் சுத்தறதுக்கு எத்தனை அழுத்தம் வேணும்னு அது பார்க்குமாம். கலவை இறுகுனா சுத்தறது சிரமம், இளகுனா சுலபம். எத்தனை சுத்து சுத்துச்சு, எத்தனை சூடு, வழியில தண்ணி கிண்ணி உள்ள போச்சா, எல்லாத்தையும் அப்பப்ப பிளான்ட்டுக்கு அனுப்பிப்போடும். இவன் அங்க ஏசி ரூமுல உக்காந்து கம்ப்யூட்டர்ல பார்த்துக்கிட்டிருப்பான். பச்சைன்னா நல்லது. மஞ்சன்னா சாக்கிரதை. சிவப்புன்னா இறக்கக்கூடாது. டிரைவரு முன்னாடியும் அதே மாதிரி ஒரு சின்ன விளக்கு.

மேல் தளம் போட்டது சித்திரையில. வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒம்பதே காலுக்கு. மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு முதல் லோடு வாசல்ல வந்து நின்னுருச்சு. லாரிய ஒண்ணும் சொல்லக்கூடாது. என்ற ஊட்டுக்காரி ஆரத்தி எடுத்து, சந்தனம் வெச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சா. ஆனா கலவைய மேல ஏத்தற பம்ப் வண்டி வழியில டயர் வெடிச்சு நின்னுபோச்சு. அது வந்து குழாய் மாட்டி முடிக்கறதுக்குள்ள ராகு காலம் பொறந்துரும்னு தெரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு, உங்களுக்குத் தெரியாததா.

செங்கோடன் மேஸ்திரி ஓடி வந்தாரு. "ஏனுங்ண்ணா, லாரில இருந்து ஒரே ஒரு சட்டி புடிச்சு ஈசானிய மூலைல கொட்டிருவோமுங்க. நல்ல நேரத்துல ஆரம்பிச்ச கணக்காயிரும். பொறவு ராகு காலமாவது ஒண்ணாவது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னாரு.

எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒரு சட்டியக் கொட்டிட்டு சாமிய ஏமாத்தறதா? "மேஸ்திரி, நான் எடைமேடைல உக்காந்தவன். கலப்படம் எனக்கு ஆகாது. ராகு காலம் முழுசாப் போகட்டும், பன்னெண்டே காலுக்கு நல்ல நேரம் வருது, அப்ப போடுவோம்"னு சொல்லிப்போட்டேன்.

லாரி நின்னுது. சித்திரை வெயிலு. உருளை பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்குது. கொஞ்ச நேரத்துல போன்.

"மாமா, ஏன் வண்டி நிக்குது?"

"ராகு காலம் மாப்ள."

"மாமா, அதெல்லாம் கலவைக்குத் தெரியாது. அது இறுகிட்டே வருது. மஞ்ச காட்டுது"ன்னான்.

"அதுக்குத் தெரியாதுன்னுதான் மாப்ள நாம பார்க்கறோம்"னேன். எப்படி? நியாயந்தானுங்களே.

பதினொன்றரை தாண்டி மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை மாமாங்கற வார்த்தைகூட ரெண்டாவதாத்தான் வந்துச்சு. "இறக்காதீங்க மாமா. சிவப்பு ஆயிருச்சு. அந்த லோட திருப்பி அனுப்பிருங்க. நான் வேற லோடு போட்டு அனுப்பறேன். செலவு என் பொறுப்பு, உங்களுக்கு எதுவும் இல்ல."

நீங்களே சொல்லுங்க தம்பி. வீட்டுக்கு வந்த முதல் லோடு. ஆரத்தி எடுத்த வண்டி. அதத் திருப்பி அனுப்பறதா? இன்னொண்ணு கிளம்பி வர்றதுக்குள்ள ஒண்ணே கால் தாண்டிரும், நல்ல நேரம் போயிரும். டிரைவருக்கும் போன் வந்துருச்சு. அந்த ஆளு வண்டிய எடுக்கப் பார்த்தாரு. எடுக்க முடியல. என்ற டிவிஎஸ் அம்பது அதுக்கு முன்னாடி நின்னுது. நான் மறிச்சேன்னு பின்னால எல்லாரும் பேசிக்கிட்டாங்க. மறிக்கலீங்க. நெழலு அங்கதான் இருந்துச்சு.

டிரைவருகிட்ட பக்குவமாச் சொன்னேன். "ஏனுங்க, காலைல இருந்து வெயில்ல நிக்கறீங்க. தளம் போடற வீட்டுல சாப்பிடாமப் போகக்கூடாது. வாங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு பின்னால கூட்டிட்டுப் போயி இலை போட்டேன். வெண்பொங்கல், கேசரி, வடை. அந்த ஆளுக்கு மனசு இலையிலயே இல்ல, எந்திரிக்கப் பார்த்தாரு. நாந்தான் விடல. இன்னொரு கரண்டி பொங்கல், இன்னொரு வடை. மனுசன மதிக்கணுமில்லீங்களா.

முன்னால மேஸ்திரியோட ஆளுங்க ஏணியில ஏறி, உருளை வாயில ஹோஸ் பைப்ப விட்டுட்டாங்க. கொஞ்சம் தண்ணி காட்டுனா வழுவழுன்னு குழாயில ஓடும், இல்லன்னா அடைச்சுக்கும்னு மேஸ்திரி முன்னயே சொல்லியிருந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சதப் பண்ணுங்கன்னு நானும் சொல்லியிருந்தேன். எத்தனை தண்ணி போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பரிமாறிக்கிட்டிருந்தேன்.

போன்.

"மாமா, யாரு தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தல மாப்ள."

"மாமா, இங்க தெரியுது. இறுகிக் கிடந்த உருளை திடீர்னு லேசா சுத்துது."

"வெயில்ல இளகியிருக்கும்."

"காங்கிரீட் என்ன வெண்ணெயா மாமா?"

பார்த்துக்கங்க. மாமனார்கிட்டப் பேசற பேச்சா இது? போன வெச்சுட்டேன். சரியா பன்னெண்டே காலுக்கு, ஒரு நிமிசம் முன்னபின்ன இல்லாம, இந்த ஹாலுக்கு விழுந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, கஞ்சி மாதிரி ஓடுச்சு. மேஸ்திரிகூட கையெடுத்துக் கும்பிட்டாரு.

அதுக்கப்புறம் வந்த ரெண்டு லோடும் பச்சை. மாப்பிள்ளை கோவத்தோட கோவமா சரியா அனுப்பிட்டான். அதெல்லாம் பின்னால ரூமுங்களுக்கு, சமையக்கட்டுக்கு. அது விழறப்ப நல்ல நேரம் எப்பவோ போயிருச்சு. நல்ல நேரத்துல சுத்தமா விழுந்தது இந்த ஹாலு மட்டுந்தான். ஆனா பாருங்க, அந்த ரூமுங்களுக்கு ஒரு முட்டுகூட இல்ல. அது எப்படின்னு எனக்கே சில நேரம் புரியறதில்லீங்க.

அப்புறம் என்ன, ஒரு மாசம் கழிச்சு மாப்பிள்ளை வந்தான். கையில துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். அத மேல தளத்துல வெச்சு அழுத்துனா டொக்குன்னு அடிக்கும், தளம் எத்தனை கெட்டின்னு ஒரு நம்பர் காட்டும். ரூம்ல அடிச்சுப் பார்த்தான், தலைய ஆட்டிக்கிட்டான். ஹால்ல அடிச்சான். மறுபடி அடிச்சான். இடம் மாத்தி மாத்தி அடிச்சான். ஸ்டூல விட்டு எறங்குனான். "மாமா, ஹால் தளத்த மட்டும் இடிச்சிட்டு மறுபடி போட்டரலாம். நானே கூட நின்னு போட்டுத் தரேன். யாரு மேல தப்புன்னு நான் ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டேன்"னான்.

இடிக்கறதாம்! வயித்துப் புள்ளக்காரி இருக்கற குடும்பத்துல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாங்க. இவன் தளத்த இடிக்கச் சொல்றான், அதுவும் அவன் பொண்டாட்டிதான் மாசமா இருக்கா! சொன்னேன். அவன் அடுத்த நாள் ஆள் கூட்டிட்டு வந்து இந்த முட்ட நட்டுட்டுப் போயிட்டான். கிரகப்பிரவேசத்துக்கு முட்டுக்கெல்லாம் ஜரிகைத் தாள் சுத்தி, பூ கட்டி விட்டோம். வந்தவங்க ஏதோ அலங்காரம்னு நெனைச்சுக்கிட்டாங்க.

மேல தெரியுதே, அது வெறும் கோடுங்க. வெடிப்புன்னு அவந்தான் சொல்றான். எந்த வீட்டுல கோடு இல்ல? வெள்ளை அடிச்சா மறைஞ்சிரும். மூணு தடவ அடிச்சாச்சு.

வளைகாப்பு மண்டபத்துல நடந்துச்சு. முடிஞ்சு பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், அதுதானே வழக்கம். கார் வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். கை நெறைய வளையலோட வாசல் கேட்டுக்கிட்ட எறங்குச்சு. எறங்குனது அங்கயே நின்னுருச்சு.

"அப்பா, நான் பின்னால ஓட்டு வீட்டுலயே இருந்துக்கறேன்"னுச்சு.

"புது வீட்டக் கட்டிட்டு உன்னய ஓட்டு வீட்டுல வெக்கறதா அம்மிணி? சனம் சிரிக்காதா?"

"அந்த ஹால் நம்பர் என்னன்னு எனக்குத் தெரியும்பா. அவரு சொல்லல, நாந்தான் கேட்டு வாங்குனேன்."

"ஒரு பெட்டி சொல்றத நம்புவே, அப்பன் சொல்றத நம்ப மாட்டியா?"

அது என்னய ஒரு பார்வை பார்த்துச்சு தம்பி. சின்னதுல பள்ளிக்கூடம் விட்டா நேரா எடைமேடைக்குத்தான் வரும். என்ற பக்கத்துல உக்காந்துக்கிட்டு டிரைவருங்க போடற சண்டையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கும். "மெஷினுக்கு யாரும் மாமன் மச்சான் இல்லன்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க"ன்னுச்சு. "நான் மட்டும்னா வந்துருவேன். வயித்துல இருக்கறதோட அதுக்குக் கீழ வரமாட்டேன். ஓட்டு வீடுன்னா சொல்லுங்க, இப்பவே வரேன்."

நான் சொல்லல. எப்படிங்க சொல்றது? கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே கூப்பிட்டு சோறு போட்டிருக்கேன். பொண்ணு அதே கார்லயே மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போயிருச்சு. என்ற ஊட்டுக்காரி என்ன பண்ணுவான்னு நெனைக்கறீங்க? உள்ள போனா, பையில நாலு சேலைய வெச்சுக்கிட்டு வந்தா, கார்ல ஏறிட்டா. "பிரசவம் பார்க்க ஒரு தாய் வேணுமில்லீங்க"ன்னு ஒரு வார்த்தை. இன்னும் அங்கதான் இருக்கறா. என்ற சோத்த நானேதான் பொங்கிக்கறேன்.

பேத்தி பொறந்திருக்குதுங்க. மூணாவது மாசம் நடக்குது. ஆஸ்பத்திரில ஒருவாட்டி பார்த்தேன், கண்ணு தொறக்கல. இப்ப சிரிக்குதாம். ஊட்டுக்காரி போன்ல காட்டுவா, ஆடிக்கிட்டே இருக்கும் படம், ஒண்ணும் சரியாத் தெரியாது. அங்க போயிப் பார்த்தா என்னன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் போனா நான் தப்புன்னு ஆயிருமுங்க. பொண்ணுதான் பொறந்த வீட்டுக்கு வரணும். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, அந்தக் குழந்தைய மடியில வெச்சுக்கணும் எனக்கு. அத்தனைதான்.

அதுக்குத்தான் வாடகைக்கு விடறது. வேற எதுக்குங்க? ஒரு குடும்பம் ஒரு வருசம் குடியிருந்து காட்டட்டும். ஒண்ணும் ஆகலன்னா, மாப்ளையக் கூப்பிட்டுக் காட்டுவேன். "பாரு, உன்ற பெட்டி சிவப்புன்னுச்சு, இவங்க நல்லா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க"ன்னு. அப்புறம் பொண்ணு வந்துதானே ஆகணும்? நீங்க அதுக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். குடியிருந்தாப் போதும்.

நானா? நான் எங்கிங்க இங்க இருக்கறது. எனக்கு ஓட்டு வீடுதான் ஆகும். பழக்கம். ஒரு நாள் படுத்துப் பார்த்தேன், இதே ஹால்லதான், பாய விரிச்சு. தூக்கம் வரல. முட்டு பக்கத்துல டிக்குன்னு ஒரு சத்தம். பல்லியா இருக்கும். அப்புறம் படுக்கல. காத்தும் கம்மிங்க இங்க, அந்த ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டா உங்களுக்குச் சரியாப் போயிரும்.

சைவமா அசைவமான்னு கேட்டேன், சொல்லிட்டீங்க. எத்தனை பேருன்னேன், நானும் வீட்டுக்காரியும்னீங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாம். ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பகல்ல வீடு பூட்டித்தான் இருக்கும், அதுவும் நல்லதுதான். இந்தாங்க சாவி. பிடிச்சிருந்தா வெச்சுக்கங்க. முன்பணமெல்லாம் அவசரமில்ல.

என்ன மேலயே பார்க்கறீங்க? கோடா? ஓ, அதுவா. அது கொக்கிங்க. தொட்டில் கட்டறதுக்கு. கம்பி கட்டும்போதே நானே மேல ஏறி நின்னு, இந்த எடத்துல வெய்யுங்கன்னு வெக்கச் சொன்னது. ஜன்னல் காத்து நேரா படற எடம்.

உபயோகமா இருக்குமா? யாருக்குங்க?

ரெண்டே பேருன்னீங்களே தம்பி.

ஓ. பிரசவத்துக்குப் போன அம்மிணி இன்னும் அவங்கம்மா வீட்டுல இருக்குதுங்களா. எந்த ஊரு? சாத்தூரு. தை பொறந்ததும் கூட்டிட்டு வரப்போறீங்க. அப்ப, என்ன குழந்தை? பையனா. எத்தனை நாளாச்சு? நாப்பதா.

போன்ல படம் இருக்குதுங்களா? காட்டுங்க பார்க்கலாம். இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

நெம்ப முடிங்க இவனுக்கு. கைய எப்படி மடக்கி வெச்சிருக்கான் பாருங்க. உங்க சாடைதான். இல்லீங்க, கண்ணுல ஒண்ணும் இல்ல, தூசி. இங்க மேலருந்து ஏதோ ஒரு பொடி விழுந்துக்கிட்டே இருக்குதுங்க.

தம்பி, அந்தச் சாவியக் குடுங்க.

இல்லீங்க, நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. மறந்துட்டேன் பாருங்க, இன்னிக்கு நாள் சரியில்ல, சாவி கைமாத்தக் கூடாது. நாளைக்கா? நாளைக்கும் சரியில்ல. தையிலயும் இல்ல. குழந்தையோட வர்றதுக்கு இந்த வீட்டுக்கு நல்ல நாளே இல்லீங்க தம்பி. குடுங்க சாவிய. ரெண்டு வீதி தள்ளி ஒரு ஓட்டு வீடு காலியா இருக்குது, பழசுதான், ஆனா கெட்டியா இருக்கும். நானே கூட வந்து பேசி விடறேன். படத்தப் பொறவு பார்த்துக்கலாம், போனப் பையில வெய்யுங்க. மொதல்ல அந்தக் கொக்கிக்கு அடியில இருந்து வெளிய வாங்க.